புல்வெட்டி எஞ்சின் கிளம்பாமை

கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தும் புல்வெட்டியின் சிறிய பெட்ரோல் எஞ்சின் கிளம்பவில்லையென்றால், எரிபொருள், காற்று, தீப்பொறி, அழுத்தம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று குறைகிறது.

முதல் சந்தேகம் பழைய பெட்ரோல் மீதுதான். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்துவிடும். எத்தனால் கலந்திருந்தால் ஈரத்தையும் இழுக்கும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் மிகை அல்லது தீப்பொறி இல்லை. 1908-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் பல எஞ்சின்களுக்கு பிளக் இடைவெளி 0.76 மி.மீ.

கத்தி கல்லில் மோதிய பிறகு கிளம்ப மறுத்தால், ஃப்ளைவீல் சாவி வெட்டுப்பட்டு, தீப்பொறி விழும் நேரம் பிசகியிருக்கலாம். கத்தியைத் தொடுமுன் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும்.