பனிக்கால ஓட்டப் பயிற்சி: போடி மலைச்சரிவுகள்

பனிக்கால ஓட்டப் பயிற்சி என்பது குளிர், ஈரம், மூடுபனி, மங்கிய வெளிச்சம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஓடும் நேரத்தையும் வேகத்தையும் உடையையும் பாதையையும் மாற்றிக்கொள்ளும் முறை. லடாக்கில் உறைந்து கிடக்கும் பாங்காங் ஏரியின் மேல் 2023 பிப்ரவரியில் 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயமே நடந்தது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும், அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளிலும் வெண்பனி பொழிவதில்லை. இங்குள்ள ஓட்டக்காரருக்குப் பனி என்பது நனைந்த சாலை, கண்ணை மறைக்கும் மேகம், கணவாயில் வீசும் குளிர்காற்று.

பழந்தமிழ் இலக்கணம் மார்கழி, தை மாதங்களை முன்பனி என்றும் மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் வகுத்தது. போடிச் சரிவுகளில் இந்த இரண்டுக்கும் தனித்தனியான ஆபத்துகள் உண்டு.

உயரமும் வேகமும்

போடி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொச்சிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை அடிவாரத்திலுள்ள முந்தலைத் தாண்டியதும் மலையேறத் தொடங்கி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி, சுமார் 1,350 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டை அடைகிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் வியர்வை வழிய ஓடத் தொடங்குபவர் மேலே நடுங்க நேர்வது இதனால்தான். மலைமுகட்டுக்கு அப்பால், மூணாறு பகுதித் தோட்டங்களில் சில ஆண்டுகளில் சனவரி விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்.

ஆகவே மலைப்பாதையில் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற சமவெளிக் கணக்கு பயன்படாது. எவ்வளவு நேரம் ஓடினோம், எவ்வளவு சிரமப்பட்டோம் என்பவையே அளவுகோல். ஓடும்போது முழு வாக்கியம் ஒன்றைத் திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரி. குளிரில் தசைகள் இறுகியிருக்கும் என்பதால் முதல் 10, 15 நிமிடங்கள் நடையும் மெதுவோட்டமுமாகச் செல்வது நல்லது. குளிரில் தாகம் குறைவாகவே தெரியும்; ஆனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

நனைந்த உடை

பருத்தி, வியர்வையை உறிஞ்சித் தேக்கிவைக்கும். ஈரத்துணி உடற்சூட்டை விரைவாக இழுத்துக்கொள்ளும். காற்றும் சேர்ந்தால் இழப்பு பல மடங்காகும். வியர்வையை வெளியேற்றும் மெல்லிய பனியன், அதன்மேல் காற்றைத் தடுக்கும் இலேசான மேலாடை என்று அடுக்காக அணிவதே முறை. ஏறும்போது மேலாடையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, உச்சியில் நின்றவுடன் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உயிருக்கு ஆபத்து. இதற்கு வெண்பனி தேவையில்லை. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீரெனக் கடுங்காற்றும் மழையும் ஆலங்கட்டியும் தாக்கின. 21 பேர் இறந்தனர். அவர்களில் அந்நாட்டின் முன்னணி ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் ஒருவர். பலர் மெல்லிய உடையிலேயே ஓடிக்கொண்டிருந்தனர்.

மூடுபனியில் சாலை

ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது தெரியாவிட்டால் அதை மூடுபனி என்கிறது வானிலையியல். போடிமெட்டுச் சாலையில் விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் விரைந்து ஏறும். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக ஓட வேண்டும். வலப்பக்கம் பாறைச்சுவரை ஒட்டித் திரும்பும் குருட்டு வளைவில் மட்டும், முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மறு ஓரத்துக்கு மாறிக்கொள்ளலாம். நெற்றி விளக்கின் ஒளி மூடுபனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். இடுப்பளவில் பிடித்த கைவிளக்கு தரையைக் காட்டும். ஒளியைத் திருப்பி வீசும் பட்டைகள் கொண்ட மேற்சட்டை கட்டாயம்.

இறக்கம்தான் கடினமான பகுதி. ஈர இலை, பாசி, சாலையில் பூசிய வெள்ளைக் கோடு மூன்றும் வழுக்கும். குட்டையான எட்டுகளே காப்பு. இறக்கத்தில் உடலைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத்தசைகள் அடுத்த இரண்டு, மூன்று நாட்கள் வலிக்கும் என்பதால், அந்த நாட்களில் போடியின் சமதளத்தில் மெதுவோட்டம் போதும்.

காட்டுப்பாதைகள்

மார்கழியில் நனைந்து கிடக்கும் அதே சரிவின் புல், மாசியில் காய்ந்து தீப்பற்றும். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகிலுள்ள குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்த 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது.

யானைகளும் இந்த மலைக்கு உரியவை. 2023-இல் கம்பம் நகருக்குள் புகுந்த அரிக்கொம்பன், போடிமெட்டுக்கு அருகிலுள்ள சின்னக்கானல் பகுதியில் திரிந்த யானைதான். மூடுபனியில் யானை மிக அருகில் வரும்வரை தெரியாது. ஆகவே காட்டுப்பாதைகளில் வெளிச்சம் வந்த பிறகு, துணையுடன், வீட்டில் பாதையைச் சொல்லிவிட்டு ஓட வேண்டும். குரங்கணி, கொழுக்குமலைக் காட்டுப்பாதைகளில் வனத்துறையின் அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது.