பேசும் கம்பியிலேயே மின்சாரம்

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் வேலை பார்த்துவிட்டு, பிற்பாடு கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் கேபிள் இழுக்க வந்தவன் நான். நெட்வொர்க் கேபிளிலேயே டேட்டாவோடு மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச் என்று இன்று கடைகளில் கேட்டு வாங்குகிறார்களே, அந்த ஏற்பாட்டின் பூர்வீகம் எக்ஸ்சேஞ்சில்தான் இருக்கிறது.

ஆரம்ப காலத்துப் போனுக்கு வீட்டுக்கு வீடு தனி பேட்டரி. தீர்ந்துபோனால் ஆள் போய் மாற்றித் தர வேண்டும். 1890-களில் அமெரிக்காவில் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். எக்ஸ்சேஞ்சில் ஒரே பெரிய பேட்டரியை வைத்து, பேச்சு போகிற அதே ஜோடிக் கம்பியில் மின்சாரத்தையும் அனுப்பினார்கள். ரிசீவரை எடுத்ததும் கம்பியில் கரண்ட் ஓடும். யாரோ பேச வந்திருக்கிறார் என்று எக்ஸ்சேஞ்சுக்கு அதிலிருந்தே தெரியும்.

எங்கள் பேட்டரி ரூமில் இரண்டு வோல்ட் செல்கள் 24 வரிசையாக நிற்கும். மொத்தம் 48 வோல்ட். ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அமுக்கி ஆசிட்டை உறிஞ்சி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, செல் செல்லாக ரெஜிஸ்டரில் எழுதுவோம். மட்டம் இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவோம். பிளஸ் முனைக்குத்தான் எர்த். மண்ணுக்கடியில் ஈரம் பட்ட செம்புக் கம்பி அரித்துப் போகாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. புயலடித்து ஊரே இருட்டில் கிடந்த ராத்திரிகளிலும் டயல் டோன் வந்தது என்றால், அது இந்த அறையின் புண்ணியம்.

கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஈதர்நெட்டும் முதலில் இதே வழியில்தான் வந்தது. 1980-இல் வெளியான முறையில், கைவிரல் பருமனில் ஒரு கோஆக்ஸியல் கேபிள் கட்டடம் முழுக்க ஓடும். பெரும்பாலும் மஞ்சள் நிறம். இரண்டரை மீட்டருக்கு ஒரு அடையாளக் கோடு; அந்தக் கோட்டில்தான் துளை போட்டு, ஊசி உள்கம்பியைத் தொடும்படி ஒரு டிரான்ஸீவர் பெட்டியை இறுக்குவார்கள். அந்தப் பெட்டிக்கு வேண்டிய 12 வோல்ட்டைக் கம்ப்யூட்டரே இணைப்பு கேபிள் வழியாகக் கொடுத்தது. 1990-இல் முறுக்கிய ஜோடிக் கம்பிகளுக்கான தரம் வந்தது. டிரான்ஸீவர் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. கேபிளில் மின்சாரம் தேவைப்படவில்லை.

1990-களின் கடைசியில் இந்த ஈதர்நெட் கேபிளிலேயே பேசும் ஐபி போன்கள் வந்தபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. மேசைக்கு மேசை ஒரு அடாப்டர். கரண்ட் போனால் போனும் போச்சு. நூறு வருஷத்துக்கு முன் ஒழித்துக்கட்டிய வீட்டுப் பேட்டரி, அடாப்டர் உருவத்தில் திரும்ப வந்துவிட்டது என்றே நான் பார்க்கிறேன். 2000 வாக்கில் சிஸ்கோ தன் போன்களுக்குக் கேபிளிலேயே மின்சாரம் கொடுத்தது. இஸ்ரேலின் பவர்டிசைன் நிறுவனமும் இதில் முன்னணியில் இருந்தது. ஆளுக்கொரு முறை என்று போகாமல் பொதுத் தரம் வகுக்க ஐஇஇஇ 1999-இல் வேலையைத் தொடங்கி, 2003 ஜூனில் முடித்தது.

மின்சாரத்தை அனுப்புவது அவர்களுக்குப் பெரிய காரியமாக இருந்திருக்காது. டேட்டா போகும் இரண்டு ஜோடிகளின் டிரான்ஸ்ஃபார்மர் நடுமுனைகளில் கொடுத்தால் டேட்டாவைத் தொடாமல் மின்சாரம் போய்விடும். இரண்டு ஜோடிகளில் மூன்றாவது பேச்சையும் அனுப்பிய பழைய டிரங்க் லைன்காரர்களின் உத்தி இது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அப்போதே உலகம் முழுக்க அலுவலகங்களில் இருந்த பல கம்ப்யூட்டர்களின் போர்ட்டுக்குள், ஜோடிக்கு ஒன்றாக 75 ஓம் ரெசிஸ்டர்கள் உட்கார்ந்திருந்தன. கடுகளவு பொருள். இரண்டு ஜோடிகளுக்கு நடுவே 48 வோல்ட்டைக் கொடுத்தால் அந்த 150 ஓமில் 15 வாட் சூடு இறங்கும், கருகிப்போகும்.

அதனால் ஸ்விட்ச் முதலில் விசாரிக்கிறது. மூன்றிலிருந்து பத்து வோல்ட்டுக்குள் சன்னமாகக் கொடுத்துப் பார்க்கும். எதிர்முனையில் சுமார் 25 கிலோ ஓம் தெரிந்தால், இது மின்சாரம் கேட்கும் சாதனம் என்று புரிந்துகொண்டு 48 வோல்ட்டைத் திறந்துவிடும். கேபிளைப் பிடுங்கினால் அரை நொடிக்குள் நிறுத்திவிடும். வெறும் கையால் கேபிளைப் பிடித்து வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. 100 மீட்டர் கேபிளை இழுத்துவிட்டு, மின் லைசென்ஸ் உள்ளவருக்குக் காத்திராமல் கேமராவை மாட்டிவிட்டுப் போகலாம்.

முதல் தரத்தில் போர்ட்டுக்கு 15.4 வாட். 2009-இல் 30, 2018-இல் நான்கு ஜோடிகளையும் சேர்த்து 90. விளக்குகளைக்கூட இப்போது இந்தக் கேபிளில் எரிக்கிறார்கள்.

ஆனால் ரேக்கில் பிஓஇ ஸ்விட்சை வாங்கி வைப்பவர்கள் அதற்கு யுபிஎஸ் வைக்கச் சொன்னால் தயங்குகிறார்கள். வைத்தவர்களும் பேட்டரியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் எந்த இடத்துக்குப் போனாலும் கேமராவைப் பார்ப்பதற்கு முன் யுபிஎஸ்ஸின் மூடியைக் கழற்றி, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்து, தேதியோடு ஒரு ஸ்டிக்கரில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.