அடியில் தங்கிய கிளிசரின்: மிச்சத்துக்கு மதிப்பு வந்த வரலாறு

எண்ணெய் விற்ற காசோடு புண்ணாக்கு விற்ற காசும் சேர்ந்தால்தான் செக்கு வைத்திருப்பவருக்குக் கட்டுபடியாகும். தாவர எண்ணெயில் டீசல் செய்கிற தொழிலும் இதே பாடத்தைப் படித்தது. நஷ்டப்பட்டுத்தான் படித்தது.

சோப்பு செய்யும் நம் சகோதரிகளுக்குக் கிளிசரின் தெரிந்த பொருள். 1779-இல் சுவீடனில் ஷீலே என்பவர் ஆலிவ் எண்ணெயை ஈயச் சேர்மத்தோடு காய்ச்சியபோது இனிப்பான ஒரு திரவம் கிடைத்தது. அதுதான் கிளிசரின். 1867-இல் ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு மூலப்பொருள் கிளிசரின் என்பதால் அதுக்கு மவுசு ஏறிப்போச்சு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பெண்கள் சமையலில் மிஞ்சிய கொழுப்பை டப்பாவில் சேர்த்து, கறிக்கடையில் கொடுத்துக் காசு வாங்கினார்கள். அதிலிருந்து வெடிமருந்துக்குக் கிளிசரின் எடுத்தாங்க.

பிறகு பயோடீசல் வந்தது. எண்ணெயோடு மெத்தனாலும் காரமும் சேர்த்தால் டீசல் மேலே நிற்கும், கிளிசரின் அடியில் தங்கும். 100 கிலோ டீசலுக்குச் சுமார் 10 கிலோ கிளிசரின். 2000-க்குப் பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைகள் பெருகின. கிளிசரின் குவிந்தது, விலை விழுந்தது. சிறிய ஆலைகளுக்குச் சுத்தம் பண்ற செலவுகூடத் தேறல.

அப்போதுதான் அதை வேறு பொருளாக மாற்றும் வழி பிறந்தது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேலன் சப்பஸ், கிளிசரினைப் புரொப்பிலீன் கிளைக்கால் ஆக்கும் முறைக்காக 2006-இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது பெற்றார். வண்டி என்ஜின் தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. சால்வே நிறுவனம் 2007-இல் பிரான்சிலும், 2012-இல் தாய்லாந்திலும் கிளிசரினிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் தயாரிக்கத் தொடங்கியது. எப்பாக்சி பசைக்கும் பெயிண்டுக்கும் அது வேண்டும். தொடங்கியபோது தாய்லாந்து ஆலையின் திறன் ஆண்டுக்கு 1 லட்சம் டன். ஒரு காலத்தில் பெட்ரோலியத்திலிருந்தே கிளிசரின் செய்தாங்க. இப்போ சில பொருட்களுக்குக் கிளிசரின் பெட்ரோலியத்தின் இடத்தைப் பிடிக்குது.

ஒன்றை மறக்க வேண்டாம், சகோதரிகளே. டீசல் ஆலையின் பச்சைக் கிளிசரினில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருக்கும். மலிவா கிடைக்குதேன்னு உடம்புக்குப் போடும் சோப்பில் அப்படியே சேர்க்கக் கூடாது. முறையாகச் சுத்தம் செய்த பிறகுதான் அதற்கு மதிப்பு.

நம் குழுக்கள் எந்தத் தொழில் தொடங்கினாலும் மூன்று கேள்வி கேட்போம்: என்ன மிஞ்சும், அதை யார் வாங்குவாங்க, சுத்தம் பண்ண எவ்வளவு ஆகும்? இதுக்குப் பதில் எழுதின பிறகு கடனுக்கு விண்ணப்பம் போடுவோம்.