வகீலும் வலீயும்

பிறர் சார்பில் செயற்படுவோரைக் குறிக்கும் சொற்கள் சமுதாய உறவுகளின் வரலாற்றையும் உணர்த்துவன. ‘வகீல்’ என்னும் அறபுச்சொல் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவரைக் குறிப்பது. தமிழகத்தில் அது ‘வக்கீல்’ எனத் திரிந்து வழக்குரைஞரைச் சுட்டலாயிற்று. ஈழத்திலோ அப்பொருளை ‘அப்புக்காத்து’ம் பின்னர் ‘சட்டத்தரணி’யும் ஏற்றன. எனவே நுரைச்சோலை போன்ற புத்தளக் கரையோர ஊர்களின் முஸ்லிம் மணவினையை ஆராய்கையில் வகீலின் மூலப்பொருளையே நாம் மனங்கொள்ளல் வேண்டும். வகீல் நியமனத்தால் அமைபவர். மணமகளின் வலீயோ தந்தை முதலிய ஆண் உறவுமுறையால் அமைபவர். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணப் பதிவுக்கு வலீயின் ஒப்பத்தை வேண்டிற்று. மணமகளின் ஒப்பத்தை வேண்டவில்லை. பிறர்க்காகப் பேசும் உரிமை அவர்தம் இசைவினின்றே பிறத்தல் வேண்டும் என்பது எமது கருத்து. வகீல் என்னும் சொல்லின் பொருளும் அதுவே.