வித்ட்ராயல் சிலிப்பில் ஒரு பழைய சண்டை



வங்கி கவுன்டரில் தினமும் வித்ட்ராயல் சிலிப் வாங்கி முத்திரை குத்தியவன் நான். 'வித்' என்றால் 'உடன்' என்று பள்ளியில் படித்தோம். பணத்தை வெளியே எடுக்க எதற்கு 'உடன்'? பணி ஓய்வுக்குப் பிறகுதான் அகராதியைப் புரட்ட நேரம் கிடைத்தது.

5-ஆம் நூற்றாண்டில் ஆங்கிள்கள், சாக்சன்கள் முதலிய ஜெர்மானியக் குடிகள் பிரிட்டனுக்குக் கொண்டுபோன மொழிதான் ஆங்கிலத்துக்கு வேர். அந்தப் பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்றால் முக்கியமாக 'எதிராக' என்றே பொருள். 'உடன்' என்பதற்கு 'மிட்' என்று தனிச் சொல் இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'மிட்' என்றால் 'உடன்'; 'வீடர்' என்றால் 'எதிராக'.

எதிரிக்கு எதிராகப் போரிடுவதும் எதிரியோடு போரிடுவதும் ஒன்றுதானே? நாமும் 'அவரோடு சண்டை' என்றுதான் சொல்கிறோம். இப்படித்தான் 'வித்' மெல்ல 'உடன்' ஆனது. 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 'மிட்' பெரும்பாலும் வழக்கொழிந்தது. பிரசவம் பார்க்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது: உடனிருக்கும் பெண். ('மிட்நைட்'டில் வருவது வேறு 'மிட்', அது 'நடு'.)

'வித்'தின் பழைய பொருளும் முழுக்கப் போய்விடவில்லை. 'வித்ஸ்டாண்ட்' என்றால் எதிர்த்து நிற்பது. 'வித்ஹோல்ட்' என்றால் கொடுக்காமல் பிடித்துவைப்பது. 'வித்ட்ரா' என்றால் பின்னால் இழுப்பது. என் சிலிப்பின் கணக்கு நேராகிவிட்டது.

எதிராக நின்ற சொல் உடன் நிற்கப் பல நூறு ஆண்டுகள் ஆயின. பார்க்கிங் தகராறில் முகம் திருப்பிக்கொண்டிருக்கும் நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டுமா? அடுத்த பொதுக்குழுவுக்குள் பேசி முடித்துவிடுவோமே.