சித்திரத் தாமரை

ஒரு மரண வீட்டிலே கேட்ட சொல்லொன்று இப்பேச்சுக்குக் காரணமாயிற்று. மகனைப் பறிகொடுத்த தாயொருத்தி அவனுடைய தலைமாட்டில் அமர்ந்திருந்தாள். கண்ணில் நீரில்லை, வாயில் ஒப்பாரியில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "கல்லுப்போல இருக்கிறாள், முகத்திலே ஓர் அசுமாத்தமும் இல்லை" என்று மெல்லச் சொன்னார். அசுமாத்தம் என்பது யாழ்ப்பாணத்தவர் நன்கறிந்த சொல். ஆளரவம், அறிகுறி என்பது அதன் பொருள். வீட்டினுள்ளே ஆளிருந்தும் வெளியே அரவம் கேளாதிருத்தல் கூடும் என்பதைச் சொன்னவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

உள்ளத்து உணர்ச்சி வெளியே தோன்றாத முகத்தை நம் முன்னோர் எவ்வெச் சொற்களாற் குறித்தனர்? இன்று நாம் கையாளும் சொற்கள் பெரும்பாலும் இன்மையையே கூறுவன. உணர்ச்சியற்ற முகம், சலனமற்ற முகம் என்று எல்லாவற்றையும் 'அற்ற' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றோம். பேச்சு வழக்கிலோ 'பிடித்து வைத்த பிள்ளையார்', 'இடித்த புளி' என்பன உண்டு. இவை ஏளனத்துக்கு உதவுமேயன்றி வேறெதற்கும் உதவா. பழைய நூல்களிற் புகுந்தால், ஆங்கே வேறொரு நிலைமையைக் காண்கின்றோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். உள்ளத்தில் எழுந்தது மெய்யிலே புலப்படுதல் மெய்ப்பாடு. கண்ணீராகவும் மெய்சிலிர்ப்பாகவும் வியர்வையாகவும் அது தோன்றும். அவ்வாறாயின், ஒன்றுமே புலப்படாத முகத்துக்கு அங்கே இடம் ஏது? எட்டினுள் இடமில்லைதான். ஆயினும் அதே இயலில் அடுத்து எண்ணப்படும் மெய்ப்பாடுகளுள் 'நடுவுநிலை' என்று ஒன்றை ஆசிரியர் வைத்திருக்கின்றார். அதற்கு உரை கூறும் பேராசிரியர், நாடக நூலார் ஒன்பது சுவையுள் ஒன்றாக வேண்டும் சமநிலை அதுவென்பர். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லாரும் நடுவுநிலையைச் சேர்த்து ஒன்பது சுவை எண்ணுகின்றார். வடமொழியிலும் இப்படியே ஒரு வாதம் நடந்தது. பரதரின் நாட்டிய சாத்திரம் சுவை எட்டென்று கூற, சாந்தம் என்னும் ஒன்பதாவதற்காகக் கி.பி. 1000 ஆம் ஆண்டளவிற் காசுமீரத்து அபிநவகுப்தர் விரிவாக வழக்காடினார். இன்று நடுவுநிலை என்றவுடன் நமக்கு நீதிபதியே நினைவுக்கு வருவார். அன்று கூத்தரங்கிலே ஒரு முகத்துக்கும் அதுவே பெயராயிருந்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிச் செல்லவேண்டும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தபோது, மெய்ப்பாட்டியல் உரையும் நச்சினார்க்கினியர் பெயராலேயே வெளிவந்தது. அது பேராசிரியருடையது என்று பின்வந்த அறிஞர் தெளிந்தனர். புன்னாலைக்கட்டுவன் கணேசையர் தம் குறிப்புக்களோடு அவ்வுரையை 1943 இல் வெளியிட்டார். நடுவுநிலையைப் பற்றி நாம் இன்று இத்துணை பேசமுடிவது இவர்கள் உழைப்பினால்.

இனி உவமைகளைப் பார்ப்போம். முகம் பளிங்கு போன்றது, நெஞ்சில் மிகுந்ததை அது காட்டிவிடும் என்று குறிப்பறிதலிலே சொன்னவர் வள்ளுவர். அவரே காமத்துப்பாலில், காதலர் பிறர்முன் அயலார் போலப் பார்க்கும் பார்வைக்குப் 'பொதுநோக்கு' என்று பெயரிட்டார். ஒன்றையும் காட்டாத நோக்கு; ஆனால் உள்ளே நிறையக் கிடக்கின்றது! நாணமில்லாத மாந்தரைச் சொல்லவந்தபோது கயிற்றால் ஆடும் மரப்பாவையை எடுத்தார். நன்னூலாரோ, ஆசிரியன் முன்னே பாடங் கேட்கும் மாணாக்கனைச் சித்திரப் பாவைபோல் அடங்கியிருக்கச் சொல்கின்றார். மரப்பாவையும் சித்திரப் பாவையும் அசைவதைப் பொறுத்தன்றி, உள்ளே என்ன உண்டு என்பதைப் பொறுத்தே இங்கு வேறுபடுகின்றன. மரத்தினுள்ளே ஒன்றுமில்லை. மாணாக்கன் உள்ளத்திலோ கேட்டதெல்லாம் இறங்கிக்கொண்டிருக்கின்றது. இந்த வேறுபாட்டை 'அற்ற' என்னும் சொல் விழுங்கிவிடுகின்றது. மரண வீட்டிற் கேட்ட 'கல்'லும் அவ்வாறே.

கம்பர் இதனை இன்னும் நுட்பமாகக் கையாண்டார். அயோத்தியா காண்டத்திலே கைகேயி காடேகுமாறு சொன்னபோது இராமனுடைய முகம் எவ்வாறிருந்தது? எம்போன்றவரால் எடுத்துரைத்தல் எளிதோ என்று முதலில் தயங்குகின்றார். பிறகு, அது அப்பொழுது மலர்ந்த தாமரையை வென்றது என்கின்றார். அழகிய கூற்றுத்தான், எனினும் வாடவேண்டிய நேரத்தில் முகம் பொலிந்தது என்பது புகழ்ச்சியாகவே நின்றுவிடுகின்றது. சுந்தர காண்டத்தில் அந்த முகம் மீண்டும் வருகின்றது. அசோகவனத்திலே சிறையிருக்கும் சீதை, முடி சூடு என்றபோதும் அதனைத் துறந்து போ என்றபோதும் ஒரேவிதமாயிருந்த அம்முகத்தை எண்ணுகின்றாள். அங்கே கம்பர் சொல்லும் உவமை, ஓவியத்தில் மலர்ந்த செந்தாமரை. குளத்துத் தாமரை காலையில் விரியும், மாலையிற் குவியும். எழுதிய தாமரைக்கு விரிதலும் இல்லை, குவிதலும் இல்லை, நிறமும் குன்றாது. எடுத்துரைத்தல் எளிதோ என்று தயங்கிய கவிஞர், தேடிய சொல்லை அம்முகத்தை அருகிருந்து அறிந்தவளின் நினைவிலேதான் வைத்தார்.