ஜாடிக்குள் நீலமான பச்சைப்பாம்பு

போன மாதம் அம்பத்தூர் ஏரிப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு சாரையை அடித்துவிட்டார்கள். மழை விட்ட காலை. மதிலோரம் வெயில் காய நீண்டு கிடந்தது. உடம்பு நல்ல கறுப்பு. யாரோ "கருநாகம்" என்று கத்த, நாலு பேர் கம்போடு வந்துவிட்டார்கள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்தது. படமெடுக்காத, விஷமில்லாத, எலி தின்று பிழைக்கிற பாம்பு. எதிர்வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார்: "சாரைன்னா மஞ்சளா இல்ல சார் இருக்கும்? இது வெயில்ல கெடந்து கறுத்திருக்கும்."

இதே மாதிரி ஒரு சந்தேகம் எனக்குப் பத்து வயதில் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலம். வகுப்பு ஜன்னலோரம் கண்ணாடி ஜாடியில் ஒரு பச்சைப்பாம்பு இருந்தது. பெயர்தான் பச்சை, ஆள் முழு நீலம். ஜன்னல் வெயில் பச்சையைத் தின்றுவிட்டது என்று நாங்கள் தீர்மானித்திருந்தோம். எங்கள் மெஸ்யே சிரித்தார். "செ லால்கொல்", சாராயத்தின் வேலை என்றார். அந்தப் பாம்பின் தோலில் பச்சை என்று தனிச் சாயம் கிடையாது. ஒளி சிதறி உண்டாகும் நீலத்தின் மேல் மஞ்சள் நிறமி படிந்திருக்கிறது, நம் கண்ணுக்குப் பச்சையாகிறது. சாராயத்தில் மஞ்சள் கரைந்துபோனால் நீலம் தனியே நிற்கும்.

அந்தக் காலத்து இயற்கை நூலோருக்கு இது பெரிய தலைவலி. 1816இல் புதுச்சேரிக்கு வந்த லெஷனோ போன்றவர்கள் இங்கிருந்து பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு உயிரின மாதிரிகள் அனுப்பினார்கள். கப்பலில் சாராயத்தில் மாதக்கணக்கில் ஊறி வந்த பாம்பின் நிறத்தை அங்கே எப்படி நம்புவது? அதனால்தான் பாட்ரிக் ரஸ்ஸலை நான் மதிக்கிறேன். விசாகப்பட்டினத்தில் இருந்த டாக்டர். 1785இல் கேனிக் இறந்தபின் கம்பெனியின் இயற்கை ஆய்வாளர் ஆனார். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1796இல் லண்டனில் வண்ணப் படங்களோடு வந்தது. உள்ளூரார் சொன்ன பெயர்களையும் அப்படியே எழுதி வைத்தார். நம் கண்ணாடி விரியன் அதில் தெலுங்குப் பெயரோடுதான் இருக்கிறது. பிற்பாடு ஆங்கிலத்தில் அது ரஸ்ஸல் விரியன் ஆகிவிட்டது, அது வேறு கதை.

சரி, உயிரோடிருக்கும் பாம்பை வெயில் நிறம் மாற்றுமா? நமக்குக் கறுப்பது போல மாற்றாது. நிறம் பெரும்பாலும் பிறவியோடு வருவது. வயது ஏற ஏற மாறலாம். சட்டை உரிக்கும் முன் உடம்பு மங்கி, கண் பால்போல வெளுக்கும், உரித்ததும் பளபளப்பு திரும்பும். சாரையில் மஞ்சளும் உண்டு, பழுப்பும் உண்டு, கறுப்பும் உண்டு. இந்த வித்தியாசத்தால்தானோ என்னவோ, சாரை ஆண், நாகம் பெண் என்று ஒரு கதையே கட்டிவிட்டார்கள் நம்மவர்கள். இரண்டும் வேறு வேறு இனம். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. அங்கே விஷம் எடுக்க நாகத்தையும் விரியனையும் துணி கட்டிய மண்பானையில் சில வாரம் வைத்திருந்து, பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். பானை இருட்டில் கிடந்ததற்காக நாகம் வெளுத்து வருவதில்லை. வெயில் பாம்புக்குச் சூடு கொடுக்கும், அதற்காகத்தான் அது வெளியே வந்து கிடக்கிறது. நிழலில்லாத பெட்டியில் அடைத்து வெயிலில் வைத்தால் நிறம் மாறாது, செத்துப்போகும். நம் நாட்டுப் பாம்பை அனுமதியில்லாமல் வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

எங்கள் கிணற்றடியில் கிடந்த ஒரு பாம்புச் சட்டையை எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கண்ணாடித்தாள் மாதிரி, செதில் வரிகள் மட்டும் தெரிந்தன. "கலரே இல்லையே சார்?" என்றார். கலர் உள்தோலில் இருக்கிறது, வெயில் படுவது இதன் மேல்தான், இதையும் அது கழற்றிப் போட்டுவிடுகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "அன்னைக்கு அடிச்சது சாரைதானா?" என்று கேட்டார்.